ஒரே பேர்ல ரெண்டு சூசன்: அமெரிக்கக் காட்டுப்பூ விதைப் பெட்டி வாங்கின அனுபவம்

போன ஐப்பசில தீபாவளி ஆஃபர்ல ஒரு விதைப் பெட்டி வாங்கினேங்க. வட அமெரிக்காவோட நாட்டுக் காட்டுப்பூக்கள், 12 பாக்கெட், எல்லாமே ஒரு தடவை போட்டா பல வருஷம் நிக்கிற செடின்னு விளம்பரம், விலை 899 ரூபாய், கூடவே ஒவ்வொரு பூவோட பேருக்கும் பின்னாடி இருக்கிற கதையைச் சொல்ற ஒரு குட்டி புக்லெட். கம்பெனி பேர் இங்க போடல, ஏன்னா கடைசில அவங்க ஒழுங்காத்தான் நடந்துக்கிட்டாங்க, ஆனா நடுவுல நான் பட்ட பாடு இருக்கே, அதை எழுதாம விட முடியாது. பெங்களூர்ல மொட்டை மாடித் தோட்டம் வச்சிருக்கிற நம்ம ஆளுங்க நிறைய பேர் இந்த மாதிரி பெட்டியைப் பாத்துட்டு வாங்கலாமா வேணாமான்னு யோசிச்சுட்டு இருப்பீங்க, உங்களுக்குத்தான் இது.

எங்க வீடு லிங்கராஜபுரம் பக்கம், ரெண்டாவது மாடி, மேல மொட்டை மாடில பாதி நமக்கு, பாதி ஹவுஸ் ஓனர் துணி காயப்போட. காலைல 7 மணில இருந்து சாயங்காலம் 4 வரைக்கும் வெயில். செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, 12 இன்ச் க்ரோ பேக். இதெல்லாம் சொல்றது எதுக்குன்னா அப்புறம் "மண்ணு சரியில்லயோ"ன்னு யாரும் கேக்கக் கூடாது.

பெட்டி வந்த அன்னைக்கு எல்லாரும் உக்காந்து பாக்கெட் பாக்கெட்டா எடுத்துப் பேரைப் படிச்சோம், அதுலயே பாதி காசு வசூல்னு சொல்லலாம். பர்ப்பிள் கோன்ஃப்ளவர், பிளாக் ஐட் சூசன், பிளாங்கெட் ஃப்ளவர், டிக்சீட், பட்டர்ஃப்ளை வீட், ஒயில்ட் பெர்கமாட், பிளேஸிங் ஸ்டார், நியூ இங்கிலாந்து ஆஸ்டர், கோல்டன்ராட், ஜோ பை வீட், கார்டினல் ஃப்ளவர், ஸ்னீஸ் வீட். அம்மா தர்மபுரில இருந்து வந்திருந்தாங்க, அவங்களுக்கு ஒவ்வொண்ணா அர்த்தம் சொல்லச் சொல்ல அவங்க போட்ட கமென்ட்டுதான் ஹைலைட். சூசன்னா ஒரு பொண்ணு பேரும்மா, கருங்கண்ணு சூசன்னு சொன்னா "ஓ, மை வச்ச சூசனா"ன்னாங்க. டிக்சீட்னா உண்ணி மாதிரி விதைன்னு சொன்னேன், "நம்மூர்லதான் வேலியெல்லாம் உண்ணிச்செடி கெடக்கே, அதுக்கு எதுக்குடா அமெரிக்கா"ன்னு கேட்டாங்க. அது வேற, உண்ணிச்செடின்னு நாம சொல்ற லான்டானாவும் அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்ததுதாங்கிறது தனிக் கதை. அப்புறம் பட்டர்ஃப்ளை வீட், ஜோ பை வீட், ஸ்னீஸ் வீட்னு வரிசையா வந்ததும், வீட்னா என்னடான்னு கேட்டாங்க, களைன்னு சொல்லித் தொலைச்சேன். அவ்ளோதான். தர்மபுரி வரைக்கும் ஃபோன் போட்டு "இவன் காசு குடுத்துக் களை வாங்கிருக்கான்"னு சொல்லியாச்சு.

ஆனா யோசிச்சுப் பாத்தா களைன்னு சொன்னது என் தப்பு. செடிப் பேர்ல வர்ற அந்த வீட் நம்ம ஊர் "பூண்டு" மாதிரி. வெட்டுக்காயப் பூண்டுன்னா யாரும் ரசத்துல போடற பூண்டுன்னு நினைக்கறதில்ல, திட்டுற மாதிரியும் இல்ல, சும்மா சின்னச் செடி, தானா மொளைக்கிறது, ஏதோ ஒண்ணுக்கு ஆகறது, அவ்ளோதான் அர்த்தம். தும்மல்பூண்டுன்னு சொல்லியிருந்தா அம்மா மரியாதையா பாத்திருப்பாங்க. அந்த ஸ்னீஸ் வீட் இலையைக் காயவச்சுப் பொடி பண்ணி அங்க மூக்குப்பொடி மாதிரி போட்டுத் தும்முவாங்களாம், அதனால வந்த பேர். பூவால தும்மல் வர்றதில்ல.

புக்லெட்ல இந்த மாதிரி கதைங்கதான், அதுக்கு மட்டும் அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார் குடுப்பேன். ஜோ பைங்கிறது ரொம்ப நாளா கட்டுக்கதை ஆளுன்னு நினைச்சுட்டு இருந்திருக்காங்க, ஜுரத்துக்கு இந்தச் செடியைக் குடுத்த ஒரு வைத்தியர்னு மட்டும் சொல்லுவாங்க, கடைசில பாத்தா ஜோசப் ஷாக்வெத்க்வெட்னு மொஹிகன் இனத்துத் தலைவர் ஒருத்தர் நெசமாவே வாழ்ந்திருக்காரு. பெர்கமாட் செடிக்கு அந்தப் பேரு ஏன்னா இலையைக் கசக்கினா பெர்கமாட்னு ஒரு ஆரஞ்சு வகையோட வாசம், அதோட சிவப்புப் பூ அக்காவுக்கு ஆஸ்வேகோ டீன்னு பேரு, பாஸ்டன்ல 1773-ல டீப் பெட்டியைக் கடல்ல தூக்கிப் போட்டாங்க இல்ல, அதுக்கப்புறம் இங்கிலீஷ்காரன் டீ வேணாம்னு வீம்பு பிடிச்சவங்க இதைக் காய்ச்சிக் குடிச்சாங்கன்னு போட்டிருக்கு. கார்டினல் ஃப்ளவர் கத்தோலிக்க கார்டினல்கள் போடற சிவப்பு அங்கி கலர். பிளாங்கெட் ஃப்ளவருக்கு இந்தியன் பிளாங்கெட்னும் ஒரு பேரு, அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் நெய்யற கம்பளியோட சிவப்பு மஞ்சள் கலர்ல இருக்கறதால. கொலம்பஸ் பண்ண ஒரு குழப்பம் பூ பேர் வரைக்கும் வந்து ஒட்டிக்கிச்சு பாருங்க. என் வைஃப் அந்த வரியைப் படிச்சுட்டு "இந்தியன் பிளாங்கெட்னா சோலாப்பூர் போர்வைன்னு இல்ல நெனச்சேன்"னா.

சரி கதை போதும், விதைக்கு வருவோம்.

முதல் குறை, பாக்கெட் பின்னாடி இருந்த வழிமுறை. பாதி பாக்கெட்ல "30 டேஸ் கோல்ட் ஸ்ட்ராடிஃபை"ன்னு ஒரு வரி, முடிஞ்சது. புதுசா தோட்டம் போடறவனுக்கு என்ன புரியும்? விஷயம் என்னன்னா இந்தச் செடிங்க அவங்க ஊர்ல இலையுதிர் காலத்துல விதையை உதிர்க்கும், உடனே மொளைச்சா அடுத்த மாசம் பனில செத்துப்போகும், அதனால ஈரத்தோட சேந்த குளிர் கொஞ்ச வாரம் பட்டாதான் உள்ள பூட்டு தொறக்கிற மாதிரி விதைக்குப் பழக்கம். நம்ம ஊர் விதை மழைக்குக் காத்திருக்கிற மாதிரி அது குளிர்காலம் முடியறதுக்குக் காத்திருக்கு. பெங்களூர்ல குளிர்காலம்னு நாம ஸ்வெட்டர் போட்டுட்டுச் சுத்தறதெல்லாம் அதுக்குக் கணக்கே இல்ல, ஜனவரில ராத்திரி 15, 16 டிகிரி, இந்த ஊர் இதுவரைக்கும் பாத்த மிகக் குறைஞ்ச டெம்பரேச்சரே 1884-ல 7.8 டிகிரிதான். பாக்கெட்ல "ஸோன் 3 முதல் 9"ன்னு வேற பெருமையா அச்சடிச்சிருக்கான். அது அமெரிக்க விவசாயத் துறையோட குளிர்க் கணக்கு, வருஷத்துல எவ்ளோ கீழ போகுதுங்கிறதை வச்சு ஊரைப் பிரிக்கறது, ஸோன் 3-ன்னா மைனஸ் 40 வரைக்கும் போகும், ஸோன் 9-ன்னாகூட மைனஸ்லதான். அப்படிப் பாத்தா இந்தியால விக்கிற பாக்கெட்ல, அதுவும் பெங்களூர் அட்ரஸுக்கு அனுப்பறதுல, அந்த வரிக்கு என்ன வேலை? உங்க ஊருக்கு இது ஆகாதுன்னு நாசூக்கா சொல்றானோ என்னவோ.

ஆக ஃபிரிட்ஜ்தான் நமக்கு அமெரிக்கா. டிஷ்யூ பேப்பரை நனைச்சுப் பிழிஞ்சு, விதையைப் பரப்பி மடிச்சு, ஜிப் கவர்ல போட்டு, மேல மார்க்கர்ல பேரும் தேதியும் எழுதி, ரெண்டாவது தட்டுல இட்லி மாவுக்குப் பின்னாடி வச்சேன். மூணாவது வாரம் அம்மா மாவு எடுக்கறப்ப ஒரு கவர் கீழ விழுந்து பிரிஞ்சு, "ஏன்டா சோம்பை நனைச்சு நனைச்சு வச்சிருக்க, பூஞ்சை பிடிக்காதா"ன்னு அதைத் தட்டுல கொட்டி வெயில்ல காய வச்சுட்டாங்க. அது பிளேஸிங் ஸ்டார். சோம்பு மாதிரிதான் இருக்கும், அவங்களைச் சொல்லித் தப்பில்ல. மறுபடி நனைச்சு மறுபடி ஃபிரிட்ஜ், மறுபடி 30 நாள். அது மொளைச்சது என்னவோ மொளைச்சது, ஆனா இன்னைக்கு வரைக்கும் வெறும் புல்லு மாதிரி இலைதான். பூ வந்தா மத்த பூங்கொத்து மாதிரி கீழ இருந்து மேல தொறக்காம உச்சில ஆரம்பிச்சு கீழ எறங்கும்னு சொல்றாங்க, அதைப் பாக்கணும்னு ஆசை, வருஷம் ரெண்டு ஆனாலும் வச்சிருப்பேன்.

இப்போ மெயின் மேட்டர், சூசன்.

பிளாக் ஐட் சூசன்னு நான் நினைச்சு வாங்கினது எதுன்னா, மஞ்சள் இதழ், நடுவுல கரும்பழுப்புல குமிழ் மாதிரி மேடு, சின்ன சூரியகாந்தி கணக்கா இருக்கும், மேரிலேண்ட் மாநிலத்தோட மாநிலப் பூ, 1918-ல இருந்து. ருட்பெக்கியா ஹிர்ட்டான்னு தாவரப் பேரு. பெட்டி மேல படமும் அதுதான். விதை போட்ட எட்டாம் நாள் மொளைச்சுது, ஃபிரிட்ஜ் கூட தேவைப்படல, ஆஹான்னு குஷியாயிட்டேன். ஒரு மாசத்துல அது மெதுவா கொடி வீச ஆரம்பிச்சுது. நானும் வெகுளியா வெளிச்சம் பத்தாம நீளுதோன்னு நினைச்சு பையைத் தள்ளித் தள்ளி வச்சேன், அது ஓனரம்மா துணிக் கம்பியைப் பிடிச்சுக்கிச்சு. பிப்ரவரில ஒரு நாள் பூத்துச்சு பாருங்க, ஆரஞ்சு கலர்ல அஞ்சு இதழ், நடுவுல கன்னங்கரேல்னு ஒரு ஓட்டை. அழகுதான், இல்லன்னு சொல்லல. ஆனா இது துன்பெர்ஜியா அலாட்டா, கிழக்கு ஆப்பிரிக்காக்காரி, அமெரிக்காவுக்கும் இவளுக்கும் பூர்வீகத் தொடர்பே கிடையாது, நம்ம நர்சரிங்கள்ல பிளாக் ஐட் சூசன்னு கேட்டா பெரும்பாலும் இவளைத்தான் எடுத்துக் குடுப்பாங்க.

கஸ்டமர் கேர்ல போட்டோ அனுப்பினேன். பதில் வந்துச்சு: "சார், ரெண்டுமே பிளாக் ஐட் சூசன்தான் சார்."

கோவம் வந்தாலும் ஒரு நிமிஷம் சிரிச்சுட்டேன், ஏன்னா அந்தப் பையன் சொன்னது பொய் இல்ல. எங்க தெருவுல நாலு லட்சுமி அக்கா இருக்காங்க, மாவு மிஷின் லட்சுமி, டைலர் லட்சுமி, மாடி வீட்டு லட்சுமி, அப்புறம் வெறும் லட்சுமி. "லட்சுமி அக்கா கிட்ட குடுத்துட்டு வா"ன்னு ஒரு பையனை அனுப்பினா எந்த வீட்டுல குடுத்தான்னு கேட்டு என்ன பிரயோஜனம். அதுக்குத்தான லின்னேயஸ்னு ஒரு ஸ்வீடன் தாவரவியல்காரர் 1753-லயே உக்காந்து ஒவ்வொரு செடிக்கும் ரெண்டு சொல்லுல ஒரு பேர் வச்சுட்டுப் போனாரு. அதைப் பாக்கெட்ல ஒரு மூலைல சின்னதா போட எவ்ளோ மை செலவாயிடப் போகுது? 12 பாக்கெட்ல ஒண்ணுல கூட தாவரப் பேரு இல்ல. கதை புக்லெட்லயும் இல்ல. இந்தப் பெட்டியோட பெரிய ஓட்டை இதுதான், மத்ததெல்லாம் சில்லறை.

இது ஏதோ வெள்ளைக்காரன் பூவுக்கு மட்டும் வர்ற பிரச்சனைன்னு நினைக்காதீங்க. நம்ம கரிசலாங்கண்ணியை எடுத்துக்கோங்க, வெள்ளைப் பூ ஒண்ணு, மஞ்சள் பூ ஒண்ணு, ரெண்டும் வேற வேற செடி. அதுலயும் மஞ்சள் கரிசலாங்கண்ணின்னு சொல்லி நிறைய பேர் மாடில வளக்கிறது நெசத்துல வெடேலியா, பார்க்ல தரை மூடறதுக்குப் போடற அமெரிக்கச் செடி. கீரைன்னு பறிச்சுக் கடைஞ்சு சாப்பிடறவங்களும் இருக்காங்க. அங்கயும் பேர்தான் வில்லங்கம்.

சூசன்ல சூடு பட்டதுக்கு அப்புறம்தான் மத்த பையெல்லாம் சந்தேகக் கண்ணோட பாக்க ஆரம்பிச்சேன். பட்டர்ஃப்ளை வீட் பை மேல முதல் சந்தேகம். அது எருக்கு குடும்பம், அங்க மில்க்வீட்னு சொல்ற கூட்டத்துல ஒண்ணு, மோனார்க் பட்டாம்பூச்சி முட்டை வைக்கிற இனம். பாக்கெட்ல போட்டபடி பாதி விதையை ஃபிரிட்ஜ்ல வச்சேன், மீதி பாதியைச் சும்மா பாப்போமேன்னு நேரா மண்ணுல போட்டேன், நேரா போட்டதுதான் முதல்ல பத்தே நாள்ல மொளைச்சுது. அப்பவே உஷாராயிருக்கணும். பூ வந்துச்சு, அடி இதழ் சிவப்பு, மேல கிரீடம் மஞ்சள். நெஜ பட்டர்ஃப்ளை வீட் முழுக்க ஆரஞ்சா இருக்கும். அதுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு, மில்க்வீட் கூட்டத்துலயே அதுக்கு மட்டும் இலையைக் கிள்ளினா பால் வராது, தண்ணி மாதிரிதான் கசியும். நான் கிள்ளினேன், எருக்கஞ்செடி மாதிரி வெள்ளையா சொட்டுச்சு, விரல்ல பிசுபிசுன்னு ஒட்டுச்சு. கையைக் கழுவிட்டுத்தான் கண்ணைத் தொட்டேன், நீங்களும் அப்படியே பண்ணுங்க, அந்தப் பால் கண்ணுல பட்டா சாதாரண விஷயம் இல்ல. ஆக இது அஸ்க்லெபியாஸ் குராசாவிகா, வெப்ப மண்டல அமெரிக்காவோட செடி, பெங்களூர் ஏரிக்கரைல தானா மொளைச்சுக் கெடக்கறது. வாக்கிங் போறப்ப ஒரு காயைக் கிள்ளிட்டு வந்திருந்தா ஃப்ரீ.

ஆனா உண்மையைச் சொல்லணும்னா இந்தத் தப்பால எனக்கு ஒரு லாபம். மார்ச் மாசம் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி ரெண்டு வந்து அந்தச் செடியைச் சுத்திச் சுத்தி வந்துச்சு. மோனார்க்குக்கு இது பங்காளி முறை, நம்ம ஊர்ல எருக்கு இலைல வளர்றது. இலைக்கு அடில ஒரு வெள்ளைப் புள்ளி, ஊசி முனை அளவு, கிட்டப் போய் மொபைல்ல ஜூம் பண்ணிப் பாத்தா முட்டை. அப்புறம் கறுப்பு, வெள்ளை, மஞ்சள்னு வளையம் வளையமா புழு, முதுகுல மூணு ஜோடி கறுப்புக் கொம்பு மாதிரி. ரெண்டு வாரத்துல செடியை மொட்டையடிச்சுட்டுப் போச்சு. பக்கத்து வீட்டுக் குட்டிப் பொண்ணு தினமும் ஸ்கூல் விட்டு வந்து ஷூ கூட கழட்டாம மாடிக்கு ஓடும். ஆர்டர் பண்ணது தப்பா வந்துச்சுன்னு ஒரு ஸ்டார் குடுக்க வந்தவன் அந்த ஒரு விஷயத்துக்காக கையைக் கட்டிட்டு நிக்கறேன்.

பிளாங்கெட் ஃப்ளவர் பைல நடந்தது என் தப்பு, அதை அவங்க தலைல கட்ட மாட்டேன். அதுல நாலு செடி வந்துச்சு, மூணு ஒரு மாதிரி, ஒண்ணு மட்டும் செமையா, இலையெல்லாம் பிரிஞ்சு பிரிஞ்சு கேரட் தழை மாதிரி தளதளன்னு. அதுக்குத் தனி கவனிப்பு, பஞ்சகவ்யம், வேப்பெண்ணெய் ஸ்ப்ரேன்னு ராஜமரியாதை. குட்டிக் குட்டியா வெள்ளைப் பூ வந்தப்ப கூட "வெள்ளை வகை போல, ரேர் பீஸ்"னு போட்டோ எடுத்து மாடித்தோட்ட குரூப்ல போட்டேன் சார் நான். ஹவுஸ் ஓனர் துணி எடுக்க வந்தவரு பாத்துட்டு "ஏன் சார் காங்கிரஸ் கிட வளக்கறீங்க"ன்னாரு, கன்னடத்துல கிடன்னா செடி. பார்த்தீனியம்! மண்புழு உரத்தோட வந்திருக்கும். பெங்களூர்ல பாதிப் பேரோட அரிப்புக்கும் மூச்சிரைப்புக்கும் பழி சுமக்கிற செடியை நான் பஞ்சகவ்யம் ஊத்தி வளத்திருக்கேன். கையுறை போட்டு வேரோட பிடுங்கிக் கவர்ல கட்டி எறிஞ்சேன். வைஃப் மட்டும் விடல, "அதுவும் அமெரிக்கக் காட்டுப்பூதான, பெட்டில சொன்னது கரெக்ட்டுதான"ன்னு ஒரு வாரம் ஓட்டினா.

மத்ததை வேகமா சொல்லிடறேன். டிக்சீட் சூப்பர், சோம்பேறிங்களுக்கு ஏத்தது, தண்ணி விட மறந்தாலும் மஞ்சள் மஞ்சளா பூத்துட்டே இருந்துச்சு, விதையைக் கைல எடுத்துப் பாத்தா நெசமாவே நாய் காதுல இருக்கிற உண்ணி மாதிரிதான் இருக்கு. பிளாங்கெட் ஃப்ளவர் மீதி மூணும் ஏப்ரல் வெயில்ல கூட அசரல, சிவப்பும் மஞ்சளுமா நல்ல கலர். ஆஸ்டர் ஓகே, ஆனா அதை வாங்கறதுக்கு அமெரிக்கப் பெட்டி தேவையில்ல, அந்த ஊதா ஆஸ்டரும் கோல்டன்ராடும் இங்க பொக்கே கடைக்காரங்க ரோஜாவுக்கு நடுவுல செருகறதுதான், பாத்தா உடனே அடையாளம் தெரியும். கோல்டன்ராடுக்கு ஒரு பாவப்பட்ட கதை உண்டு, அமெரிக்கால மூக்கு ஒழுகினா அதன் மேலதான் பழி, ஆனா அதோட மகரந்தம் கனமா பிசுபிசுப்பா இருக்கறதால காத்துல பறக்காது, பூச்சிதான் தூக்கிட்டுப் போகணும், தும்மல் வர வைக்கிறது அதே சமயத்துல பூக்கிற ராக்வீட்னு இன்னொரு செடி. எடிசன் கடைசி காலத்துல இந்தக் கோல்டன்ராடுல இருந்து ரப்பர் எடுக்க முயற்சி பண்ணிட்டு இருந்தாருங்கிறது புக்லெட்ல இருந்து தெரிஞ்சுக்கிட்டேன். பெர்கமாட் தண்டு துளசி மாதிரி சதுரமா இருக்கும், அதே குடும்பம்தான், வாசம் அபாரம், ஆனா ஜூன் மழைல இலை முழுக்க மாவு பூசின மாதிரி சாம்பல் நோய், செடிங்களுக்கு நடுவுல காத்தோட்டம் விடலன்னா வரும். ஜோ பை ரெண்டே செடி, இடுப்பளவு வளந்துச்சு, தண்ணி ஒரு நாள் தவறினா முகத்தைத் தொங்கப் போட்டுக்கும். கார்டினலும் ஸ்னீஸ் வீடும் மொளைக்கவே இல்ல. கார்டினல் விதை தூசி மாதிரி இருக்கும், மண்ணு போட்டு மூடவே கூடாது, வெளிச்சம் பட்டாதான் மொளைக்கும், அதையும் பாக்கெட்ல சொல்லல, நான் அரை இன்ச் மூடித் தொலைச்சேன்.

கோன்ஃப்ளவரை மட்டும் தனியா சொல்லணும். ஏழு மாசம் வெறும் இலை. மே கடைசில ஒரு மொட்டு, பச்சையா தட்டையா, அது ஊதா கலந்த ரோஸ் ஆகறதுக்கே ரெண்டு வாரம். நடுவுல இருக்கிற அந்தக் கூம்பு, ஆரஞ்சுப் பழுப்புல முள்ளு முள்ளா, மேல உள்ளங்கையை வச்சா புது பிரஷ் மாதிரி குத்தும். எக்கினேசியான்னு மருந்துக் கடைல பாட்டில்ல விக்கறாங்களே அதே செடிதான், அந்தப் பேரே கிரேக்கத்துல முள்ளெலியைக் குறிக்கிற சொல்லுல இருந்து வந்தது. இதழ்ங்க நாள் ஆக ஆக கீழ தொங்கும், வாடிடுச்சுன்னு வெட்டிடாதீங்க, அதோட அமைப்பே அப்படித்தான். ஒரே பூ மூணு வாரம் நின்னுச்சு. தேன்சிட்டு ஒண்ணு வந்து உக்காந்து பாத்துட்டு, ஒண்ணும் சரிப்பட்டு வரலன்னு பக்கத்துல இருக்கிற ஆப்பிரிக்கக்காரி சூசன்கிட்ட போயிடுச்சு.

வாங்கறவங்க ஒரு விஷயத்தை கவனிச்சுக்கோங்க. இதெல்லாம் அங்க நாட்டுச் செடி, இங்க விருந்தாளி. டிக்சீட் வகைல ஒண்ணை ஜப்பான்ல 2006-ல இருந்து வளக்கவே கூடாதுன்னு சட்டம் போட்டு வச்சிருக்காங்க, கோல்டன்ராட் சீனாலயும் ஐரோப்பாலயும் வயல் ஓரமெல்லாம் பரவி அவங்க தலைவலியா இருக்கு. உண்ணிச்செடியையும் பார்த்தீனியத்தையும் பாத்த ஊர் நம்ம ஊரு. அதனால நான் எல்லாத்தையும் பைலயே வச்சிருக்கேன், பூ காஞ்சதும் தலையை வெட்டிக் கவர்ல போட்டுடறேன், ஏரிக்கரைல கொண்டு போய்த் தூவற வேலையெல்லாம் வேணாம். பல வருஷம் நிக்குமாங்கிற விளம்பரத்துக்கு இன்னும் ஒரு வருஷம் போனாதான் பதில், அங்க பனிக்காலத்துல மேல காஞ்சு கீழ வேர் தூங்கி வசந்தத்துல எழுந்திருக்கிற செடிங்க, இங்க தூங்கறதுக்கே சான்ஸ் இல்லாம ஓடிட்டு இருக்குதுங்க.

சித்தாபுரால எனக்குத் தெரிஞ்ச நர்சரித் தாத்தா ஒருத்தர் இருக்காரு, லால்பாக் பக்கம், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவாரு. அவர்கிட்ட இந்தப் பெட்டிக் கதையைச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு "பேரைக் கேட்டு வாங்கினா பேருதான் வரும் தம்பி, இலையைப் பாத்து வாங்கணும்"னாரு. விதைல ஏது இலைன்னு கேட்டேன், "அதான் நான் விதை விக்கறதில்ல"ன்னுட்டு ஒரு டேலியா நாத்தை என் தலைல கட்டிட்டாரு, 60 ரூபாய்.

என் கணக்குல: புக்லெட்டுக்கு அஞ்சு, மொளைப்புக்கு மூணரை, பாக்கெட் லேபிளுக்கு ஒண்ணு, கஸ்டமர் கேருக்கு முதல்ல ஒண்ணு அப்புறம் நாலு. 899 குடுத்து வாங்கலாமான்னா, கதை பிடிக்கும், ஃபிரிட்ஜ்ல இடம் இருக்கு, வீட்டுல பொறுமை இருக்குன்னா வாங்குங்க, பூ மட்டும் வேணும்னா பாதி விலைக்கு டிக்சீட்டும் பிளாங்கெட் ஃப்ளவரும் தனியா கிடைக்குது. ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தாவரப் பேர் என்னன்னு மெயில்ல கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க. டெக்ஸஸ்ல லேடி பேர்ட் ஜான்ஸன் காட்டுப்பூ மையம்னு ஒண்ணு இருக்கு, 1982-ல ஆரம்பிச்சது, அவங்க சைட்ல தாவரப் பேரைப் போட்டா படமும் அந்தச் செடி எந்த மாநிலத்து நாட்டுச் செடிங்கிறதும் வந்துடும், நான் பின்னாடிதான் கண்டுபிடிச்சேன்.

கஸ்டமர் கேருக்கு நாலுன்னு சொன்னேன் இல்ல, அது ஏன்னா நான் நாலாவது தடவை மெயில் போட்டப்ப வேற ஒரு மேடம் பதில் போட்டாங்க, நீங்க சொல்றது சரி, லேபிளை மாத்தச் சொல்லியிருக்கோம்னு சொல்லிட்டு புது சூசன் பாக்கெட் ஒண்ணு கூரியர்ல அனுப்பினாங்க. பிரிண்ட் பண்ணது அதே பழைய லேபிள்தான், ஆனா அது மேல பால் பாயின்ட் பேனால யாரோ கையால ருட்பெக்கியா ஹிர்ட்டான்னு எழுதியிருந்தாங்க, ஸ்பெல்லிங்ல ஒரு எழுத்து அடிச்சுத் திருத்தி. ஹிர்ட்டான்னா லத்தீன்ல முடி அடந்ததுன்னு அர்த்தம். அலாட்டான்னா இறக்கை உள்ளது, அந்தக் கொடியோட இலைக்காம்பு ரெண்டு பக்கமும் மெல்லிசா இறக்கை மாதிரி இருக்கும், பாத்துட்டேன்.

விதைச்சு இப்போ அஞ்சு வாரம் ஆச்சு. நேத்து காலைல ஆஃபீஸ் கெளம்பறதுக்கு முன்னாடி மாடிக்குப் போய் நாலாவது இலையை ரெண்டு விரல்ல தடவிப் பாத்தேன். சுணை இருக்கு.